கல்லூரிக்கு என்ன தகுதி?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல். பிறகு மதிப்பெண் தரவரிசை. தமிழ்நாட்டில் ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற துணை மருத்துவப் பட்டப்படிப்புகளில் சேர இவைதான் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. ஆனால் ரத்தம் எடுக்கும் கை தடுமாறிச் சிவப்பணுக்கள் உடைந்தால், பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட ஏறிக் காட்டும். டாக்டர் அந்தப் பரிசோதனைத் தாளை நம்பித்தான் மருந்து எழுதுவார். அந்தக் கையை எந்த மதிப்பெண் அளக்கும்? அதற்காக இன்னொரு நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை வாட்ட வேண்டாம். கை பழகப் பழகத்தான் வரும். மாணவரிடம் தகுதி கேட்கும் நாம் கல்லூரியிடமும் கேட்போம்: பிள்ளைகள் பழக நோயாளிகள் வரும் ஆஸ்பத்திரி இருக்கிறதா, இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தானா?