பேராசிரியருக்கு எழுதலாமா?

உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன், பல்கலைக் கழகத்துக்கு விண்ணப்பஞ் செய்யுமுன்னரே அங்குள்ள பேராசிரியருக்குக் கடிதம் எழுதுதல் தகுமா என்று பெற்றோர் பலர் எம்மிடம் வினவுகின்றனர். பிள்ளையைக் கடல் கடந்து அனுப்ப எண்ணுவோர், எழுதினாலன்றி இடங் கிடையாது என்கின்றனர். முதியோரில் ஒருசாரார், அது சிபாரிசு தேடுஞ் செயலென்று முகஞ் சுளிக்கின்றனர். எழுதல் வேண்டும் என்பதே எமது துணிபு. ஆயினும் முன்னவர் கூறுங் காரணம் பற்றியன்று.

அமெரிக்க நாட்டிலே முதற் பட்டத்துக்குரிய அனுமதியைப் பெரும்பாலும் அதற்கென அமைந்த அலுவலகமே தீர்மானிக்கின்றது. பேராசிரியர் அவ்விண்ணப்பங்களைக் காண்பதே அரிது. கலாநிதிப் பட்ட ஆய்வுக்குச் செல்வோர் மேற்பார்வையாளரை முன்கூட்டியே அணுகும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தை, ஆய்வுக்குச் சென்ற மைத்துனன் ஊருக்கு வந்து சொல்ல, பதினெட்டு வயதுப் பிள்ளையும் தனக்குரியதென மயங்கி விடுகின்றான். ஒக்ஸ்போட்டிலும் கேம்பிரிட்ஜிலும் தெரிவு செய்வோர் கற்பிக்கும் ஆசிரியர்களேயாயினும், விண்ணப்பத்தையும் நேர்முகத்தையும் நோக்குவரேயன்றி முன்வந்த கடிதத்தை நோக்கார். பெயரை மாத்திரம் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்பும் புகழ்மாலைகளால் விளையும் பயன், அவற்றை எழுதிக் கொடுத்துக் கூலி பெறும் முகவருக்கே உரியது.

எமது நாட்டு நிலைமை வேறு. 1978 ஆம் ஆண்டுப் பல்கலைக் கழகச் சட்டத்தின் வழி அமைந்த மானியங்கள் ஆணைக்குழுவே அரச பல்கலைக் கழகங்களுக்கு மாணாக்கரைத் தெரிகின்றது. இசட் புள்ளி ஒன்று. பெரும்பாலான கற்கைநெறிகளில் அனைத்திலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்னும் பங்கீடு ஒன்று. இவற்றைப் பேராசிரியர் எவரும் அசைத்தல் இயலாது. அதனாலேயே இங்கு எழுதப்படுங் கடிதம் களங்கமற்றது என்கின்றோம். கொடுப்பதற்கு அவரிடம் இடமில்லை. சொல்வதற்கு அறிவு உண்டு.

அவ்வறிவு எத்துணை வேண்டப்படுகின்றதென்பதை விருப்பு ஒழுங்குப் பத்திரத்தை நிரப்பும் வேளையிற் காணலாம். மருத்துவம், பொறியியல் என்பவற்றை முதலில் எழுதிய பின், அடுத்த வரிகளிலே பிள்ளை தடுமாறுகின்றான். சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து, நில அளவை விஞ்ஞானம், மீன்பிடி விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்று வரிசையாக எழுதுகின்றான். அங்கே என்ன கற்பிக்கப்படுகின்றதென அறியான். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன என்பதையும், இடங் கிடைத்த பின்னரே அறிந்தோர் உளர். முதலாம் ஆண்டிலே எவ்வளவு கணிதம் வேண்டும், ஆங்கில மொழி மூலம் கற்கத் திணறுவோருக்கு உதவி உண்டா, சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு எங்ஙனம் நிகழும் என்றெல்லாங் கேட்டால், கற்பிப்பவரே தெளிவாக விடை சொல்வர். கைந்நூலில் உள்ளதைக் கேட்டு அவர் காலத்தை வீணாக்குதல் மாத்திரம் ஆகாது.

ஈண்டு இராமானுஜன் கதையை எடுத்துக் கூறாதார் இலர். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராயிருந்த அவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் அங்குள்ள வேறிருவருக்கு எழுதியும் பயன் விளையவில்லை. எம் பிள்ளைகள் இராமானுஜன் ஆகவேண்டுமென யாம் சொல்லோம். அக்கடிதத்தின் தாள்களை நிரப்பியிருந்தவை தேற்றங்கள் என்பதையே நினைவூட்டுகின்றோம்.

ஒரு விலக்கு உண்டு. கட்டடக்கலை, இசை, நடனம் முதலியவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சையைப் பல்கலைக் கழகமே நடத்துகின்றது. பரீட்சிப்போருக்கு முன்கூட்டியே எழுதுதல் முறையன்று. அங்கே முதியோரின் முகச்சுளிப்பு முற்றும் நியாயமானதே.

ஏனையவற்றில் அம்முதியோருக்கு ஒன்று கூறுவோம். சிறிய தகப்பனார் பீடத்தில் விரிவுரையாளராயிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எதற்கு? இரவு உணவின்போதே விடை கிடைத்துவிடும். குடும்பத்தில் எவரும் பல்கலைக் கழக வாயிலை மிதித்திராத தோட்டக்காரனின் மகனும் கடற்றொழிலாளியின் மகனுமே எழுதவேண்டியவர்கள். எழுதுவது நாகரிகமன்று என நாம் சொல்லும்போது அடைபடுவது அவர்கள் வழி மாத்திரமே. அவர்களே எழுத அஞ்சுபவர்களும் ஆவர். ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்னும் அச்சம் அது. தமிழறிந்த ஆசிரியருக்குத் தமிழிலே எழுதினால் என்ன குறை?

விடைத்தாட் கட்டுகளின் நடுவே இருக்கும் விரிவுரையாளர் எல்லாருக்கும் பதில் எழுதுதல் அரிதென்பதையும் யாம் அறிவோம். எனவே இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக் கழகங்களிற் கற்பிக்கும் எம்மவருள், ஆண்டுக்கு ஐந்து கடிதங்களுக்கேனும் விடை எழுத இசைவோரின் பெயர்களைத் துறைவாரியாகத் திரட்டி, அனுமதிக் கைந்நூல் வெளிவருமுன்னரே உயர்தர வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். அச்சுச் செலவு ஒரு தாளளவே. இக்கட்டுரையைப் படிக்கும் விரிவுரையாளர்கள் தத்தம் பெயரைச் செயலாளருக்கு இன்றே அனுப்பலாம்.