மலிவான வாடகையும் மலைபோன்ற முன்பணமும்

காவிரிக்கரைத் திருச்சிராப்பள்ளியில் வீட்டு வாடகை சென்னையைவிடக் குறைவு. சொற்ப வருமானமுள்ள குடும்பங்கள் அந்நகரை நாடுவதில் வியப்பில்லை. ஆனால், வாடகை மலிந்தால் மட்டும் வீடு கிடைத்துவிடுமா? மாதம் 8,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத முன்பணம் கேட்டால், குடிபுகுமுன்னரே 80,000 ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். ஏழைக் குமாஸ்தா அதற்கு எங்கே போவான்? வட்டிக்காரனிடமே போவான்.

1960-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாதென்றது. அதை நீக்கி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டமோ மூன்று மாதம் என்றது. அதோடு நின்றதா? வேறுவிதமான ஒப்பந்தம் இருந்தாலன்றி என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. குடியிருக்க இடமின்றி அலைபவன், நீட்டிய பத்திரத்தில் கையெழுத்திடாமல் என் செய்வான்? அவனுடைய முடையைச் சம்மதமென்று கொள்வது நியாயமாகாது.

வாடகைப் பாக்கிக்கும் பழுதுக்கும் வீட்டுக்காரர் ஈடு கேட்பது முறையே. அதற்கு மூன்று மாத வாடகை போதும் என்பதே நமது அபிப்பிராயம். அவ்வாசலைச் சர்க்கார் அடைக்க வேண்டும். குடியிருப்போர் தனித்தனியே கெஞ்சுவதை விடுத்து, ஒன்றுகூடி இதைக் கேட்பார்களாக!