கோயில் காட்டைப் பார்த்துவிட்டு மரம் வையுங்கள்

மரம் வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நம்ம கூட்டங்களில் முதலில் வரும் கேள்வி "எத்தனை வருஷத்துல வெட்டலாம்?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. வங்கியில் 34 வருஷம் இருந்தவன் நான். எதிரே உட்கார்ந்த எத்தனையோ விவசாயிகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கடன் கொடுக்கிறவன் கேட்டுத்தான் ஆகணும். ஆனால் இயற்கை வேளாண்மை என்று பேசுகிற நாமும் அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிட்டால் எப்படி? தேக்கு, மகோகனி, மலைவேம்பு, செம்மரம் என்று நாலு பேர் தோட்டத்துக்குப் போனால் நாலிலும் இதே வரிசை. இந்த மண்ணுக்குச் சொந்தமான மரம் எது என்று கேட்டால் வேம்பு, புங்கன், பனை என்று மூன்று பெயரோடு வாய் மூடிக்கொள்கிறோம்.

போன பங்குனியில் எங்கள் வட்டார உழவர்கள் ஒன்பது பேர் ஒரு வேன் பேசிக்கொண்டு கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய் வந்தோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோயில் வரலாறு வேண்டுபவர்களுக்கு அங்கேயே சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் காட்டைச் சொல்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் முதலில் உப்பளம். வலது பக்கம் கழுவெளி. மழைக்காலம் முடிந்தும் தண்ணீர் நின்றது, பறவைகளும் நின்றன. அப்புறம் சவுக்கு, சவுக்கு, சவுக்கு. நடுவில் முந்திரி, கொஞ்சம் மல்லாட்டை. சவுக்கை நான் குறை சொல்ல வரவில்லை. வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் மரம் அது. நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வரும், காகித ஆலைக்காரரும் வாங்குவார், சாரம் கட்டுகிறவரும் வாங்குவார். என் நிலத்திலும் ஒரு ஏக்கர் நிற்கிறது. ஆனால் சவுக்குத் தோப்புக்குள் நடந்து பாருங்கள். நேர் நேராக வரிசை, கீழே ஊசி ஊசியாக உதிர்ந்த மிளாறு. அதையும் அடுப்புக்கு வாரிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு குருவிச் சத்தம் கேட்பது அபூர்வம். இந்த மரமே 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று வெள்ளைக்காரன் இந்தக் கரையில் பரப்பியது. அதற்கு முன்னால் இங்கே என்ன நின்றது?

அதற்குப் பதில்தான் அந்தக் கோயில் காடு. தாவரவியல்காரர்கள் இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். பெயரைக் கேட்டாலே முரணாக இருக்கும். மலைக்காட்டு மழை இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதுதான் பெரும்பங்கு. தை பிறந்தால் காய்ச்சல் நிலம். அப்படிப்பட்ட இடத்தில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற அகன்ற இலைக் காடு! இலையைத் தொட்டால் தோல் மாதிரி தடிப்பு, மேலே ஒரு மினுமினுப்பு. தண்ணீரை விட்டுக்கொடுக்காத இலை. ஆந்திரக் கரையிலிருந்து ராமநாதபுரம் வரை கடலை ஒட்டி இருந்த காட்டின் வகை இது. ஸ்ரீஹரிகோட்டாவில் கொஞ்சம், கோடியக்கரையில் கொஞ்சம், இலங்கையின் வடபகுதியில் கொஞ்சம், மிச்சமெல்லாம் இப்படி அய்யனாருக்கும் அம்மனுக்கும் பயந்து விட்டுவைத்த துண்டுகள்.

உள்ளே நுழைந்ததும் வெயில் குறைந்துவிட்டது. காயா மரம் (காசா என்றும் சொல்வார்கள்) கிளையோடு ஒட்டி நீலமாகப் பூத்திருந்தது. வீரை, பாலை, நாவல், உசில். நடுத்தட்டில் காட்டு எலுமிச்சை. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம், எலுமிச்சைக் குடும்பம்தான். மரத்துக்கு மரம் கொடி பின்னிக் கிடக்கிறது. மோதிரக்கண்ணிக் கொடியில் மோதிரம் மாதிரி சுருண்ட கொக்கி, அதுதான் பிடிமானம். என்கூட வந்தவர் குனிந்து சருகை விலக்கி இரண்டு விரல் ஆழம் கிளறினார். வெளியே செம்மண், இங்கே கறுப்பு. நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு எவன் சார் தண்ணி கட்டுறான்? எவன் மூடாக்கு போடுறான்?" என்றார். பஞ்சகவ்யம், அமுதக்கரைசல் எல்லாம் வருஷக்கணக்காகச் செய்கிற ஆள் அவர். பதில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இந்த மரங்கள் நமக்கு அந்நியம் இல்லை, மறந்துவிட்டோம், அவ்வளவுதான். உசில் இலைதான் அரப்பு. பூ எடுக்க அரப்பு மோர்க் கரைசல் தெளிக்கிறோமே, அதன் மரம். கடையில் தூள் வாங்கித் தெளிக்கிறவர்களுக்கு மரத்தைக் காட்டினால் தெரியவில்லை. பாலைக்கு உலக்கைப் பாலை என்று பெயர், அத்தனை வைரம். பழம் இனிக்கும். அதைவிட முக்கியம், சப்போட்டா ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாக இருப்பது இந்தப் பாலைதான். சப்போட்டா போட்டிருக்கும் தோட்டம் பலவற்றில் மண்ணுக்குக் கீழே பாலைதான் நின்று தாங்குகிறது. களாக்காய் ஊறுகாய் போடுகிறோம். களாவை உயிர்வேலியாக வைத்திருந்த இடங்களில் இப்போது கல்லுக்காலும் கம்பியும்.

புயலையும் சொல்லணும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது கடலூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததை இந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆரோவில்லில் 1968க்குப் பிறகு பொட்டல் செம்மண்ணில் ஆஸ்திரேலிய வேல மரங்களை முதலில் வளர்த்து, அதன் நிழலில் இந்த மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். தானே வீசியபோது அங்கே அந்த ஆஸ்திரேலிய மரங்கள் பெருவாரியாக விழுந்தன, நாட்டு மரங்கள் அவற்றைவிட நன்றாகத் தாங்கின. வேகமாக வளர்வதற்கும் உறுதியாக நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. வங்கிப் படிவத்தில் முதலாவதுக்குக் கட்டம் உண்டு. இரண்டாவதுக்குக் கட்டமே கிடையாது.

எனக்குக் கவலை கொடுத்தது வேறு. நடைபாதை ஓரத்தில் பெரிய மரம் நிற்கிறது, அடியில் கன்று இல்லை. உள்ளே தள்ளிப் போனால்தான் முழங்கால் உயரக் கன்றுகள். கால் படுகிற இடத்தில் விதை முளைத்தாலும் நிற்காது. இந்தக் கோயில் என்று இல்லை, நான் பார்த்த கோயில் காடுகள் எல்லாவற்றிலும் இதே கதை. வண்டி நிறுத்த ஒரு ஓரம், பொங்கல் வைக்க ஒரு ஓரம், சுத்தம் என்ற பெயரில் சருகைக் கூட்டி நெருப்பு வைப்பது. காட்டில் குச்சி ஒடிக்கக் கூடாது என்ற பயம் பெரியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. மண்டபத்துக்கு நன்கொடை எழுதுகிறோம், காட்டு ஓரத்துக்கு ஒரு முள்வேலி போட யாரும் ரசீது புத்தகம் அடித்ததாகத் தெரியவில்லை. இந்தத் துண்டுகளும் போனால் விதைக்கு எங்கே போவோம்? நெல் விதைக்கு இத்தனை திருவிழா நடத்துகிறோம். வீரைக்கும் பாலைக்கும் ஒரு மேசை போட்டால் என்ன?

என் யோசனை பெரியது இல்லை. ஏக்கருக்கு மூன்று சென்ட் விடுங்கள். கிணற்று மேடு, களத்து மூலை, எதுவும் சரியாக விளையாத ஒரு கோணல். மூன்று சென்டில் ஆறடிக்கு ஆறடி வைத்தால் 36 கன்று வரும். என் நிலத்தில் மல்லாட்டை ஏக்கருக்கு 20 மூட்டை. மூன்று சென்ட்டுக்கு முக்கால் மூட்டைக்கும் குறைவு. அதுதான் செலவு. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்டி, ஆடு நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பூப்பதற்கே வருஷக்கணக்காகும் என்பதை மறைக்க மாட்டேன்.

இதைக்கூடச் செய்ய முடியாதவர்கள் பனையடியைப் பாருங்கள். கொண்டைக்குருவி உட்கார்ந்து எச்சமிட்ட இடத்தில் வேம்பும் நுணாவும் சங்கனும் தானாக முளைத்திருக்கும். வரப்பு சுத்தமாக இருக்கணும் என்று அதை வெட்டாதீர்கள். குழி வெட்டி, மண் மாற்றி, அடர்காடு என்று லட்சக்கணக்கில் செலவு செய்வதைப் பார்க்கும்போது, குருவி இதை இலவசமாகச் செய்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றும்.

வேனில் திரும்பும்போதே எதிர்ப்பு வந்துவிட்டது. "குருவி வந்தா கம்பு போச்சு சார்" என்றார் ஒருவர். போகும்தான், கொஞ்சம். அதே குருவி புழுவும் தின்கிறது. நிழல் விழுந்து பயிர் வெளுக்கும் என்றார் இன்னொருவர். வடக்கு வரப்பில் வைத்தால் சம்பா, நவரைப் பட்டத்தில் நிழல் நம்ம பயிர் மேல் விழாது, பக்கத்து நிலத்துக்காரர் பயிர் மேல் விழும். அதனால்தான் வரப்பை விட்டு மூலை என்கிறேன். வம்பு வேண்டாம். எங்களில் மூத்தவருக்கு வேறு தயக்கம்: சாமி காட்டு மரத்தை நம்ம கொல்லைக்குக் கொண்டுவரலாமா? காட்டுக்குள்ளிருந்து எடுக்காதீர்கள் ஐயா என்றேன். ஆரோவில் பக்கம் இந்த மரங்களின் நாற்று வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கே வாங்கலாம். நாவல் மாதிரி விதைகளைப் பழம் தின்ற கையோடு பையில் போட்டுவிடணும், இரண்டு வாரம் வைத்திருந்தால் முளைப்பு போய்விடும்.

புத்துப்பட்டுக்குப் போகிறவர்கள் விசேஷ நாளைத் தவிர்த்துக் காலையிலேயே போங்கள். மரம் பெயர் தெரிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டால் நல்லது. ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில் போதும். கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.