நீர்க்கஞ்சி போதுமா?



அண்மையில் வீடு சந்திக்கச் சென்றபோது ஓர் இளந்தாயைக் கண்டோம். கடன்பட்டு வாங்கிய டப்பா மாவு பல நாள் வரவேண்டுமே என்று, அதனை நீர்க்கக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். எட்டு மாதக் குழந்தையின் வயிறு நிறைந்தது, உடலோ மெலிந்திருந்தது. அத்தாயிடம் அன்புக்குக் குறைவில்லை. எடுத்துச் சொல்வார்தாம் இல்லை.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பாலை நிறுத்தாமல், இணை உணவும் தருதல் வேண்டும். சின்னஞ்சிறு வயிற்றை நீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத கூழே ஏற்ற பதம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. 2 பங்கு கேழ்வரகையும் 1 பங்கு பாசிப்பயற்றையும் தனித்தனியே ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, நன்கு உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். முளைத்த தானியம் கூழை இளக்குவதால், மாவைக் கூட்டினாலும் குழந்தை எளிதில் விழுங்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கொதித்தாறிய நீரில் அன்று. அடுப்பிலேற்றி நன்கு வேகவைத்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்து ஊட்டுங்கள். மசித்த கீரையும், வெந்த முட்டையும், முள் நீக்கிய மீனும் படிப்படியாகச் சேரட்டும். ஓராண்டு நிறையுமுன் தேன் மட்டும் வேண்டாம். அங்கன்வாடியில் விலையின்றிக் கிடைக்கும் சத்துமாவையும் கேட்டுப் பெறுங்கள்.

இரு மாதங்கள் கழித்து அவ்வில்லம் சென்றோம். அக்குழந்தை நம் அங்கியைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றது.