“பச்சைப் பிள்ளைக்கு எதற்கு ஊசி?”

மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவள் நான். ஆனால், என் மகன் பிறந்த அன்று தாதி கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

“குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடலாமா?”

“பச்சைப் பிள்ளைக்கு எதற்கு ஊசி? தாய்ப்பால் போதாதா?” என்றார் அத்தை. அந்த வாரம்தான் வாட்ஸ்அப்பில் இதேபோல் ஒரு தகவல் வந்திருந்தது. “பிறகு பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தமிழ்த் தாதி முகம் சுளிக்கவில்லை. கட்டில் ஓரமாக நின்று விளக்கினார். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து அது மிகக் குறைவாகவே பிள்ளைக்குச் சேர்கிறது. பெரியவர்களின் குடலில் அதை உண்டாக்கும் பாக்டீரியாவும் பிறந்த குழந்தைக்கு இன்னும் வந்திருக்காது.

“பாட்டி, தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை. ஆனால், இந்த வைட்டமின் அதில் குறைவு” என்றார்.

ஊசி போடாத குழந்தைகளில் சிலருக்கு முதல் வாரத்தில் தொப்புளிலோ மூக்கிலோ ரத்தம் கசியலாம். அரிதாக, இரண்டு வாரம் முதல் ஆறு மாதத்திற்குள் மூளையிலேயே கசிவு ஏற்படலாம். அதுதான் உயிருக்கு ஆபத்து. இதைக் கேட்டதும் முதலில் தலையாட்டியவர் அத்தைதான்.

இந்த வைட்டமினைக் கோழிக்குஞ்சுகளை ஆராய்ந்தபோது கண்டறிந்தவர் டென்மார்க்கின் ஹென்றிக் டாம். 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்குண்டு. ரத்த உறைவைக் குறிக்கும் ‘கோஅகுலேஷன்’ என்ற சொல்லை ஜெர்மன் மொழியில் எழுதும்போது வரும் முதல் எழுத்துதான் ‘கே’.

இந்த ஊசியால் தீராத ஒன்றும் உண்டு. அது ஹீமோஃபிலியா. பெரும்பாலும் தாய்வழியில் ஆண் பிள்ளைகளுக்கு வரும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் வரலாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோமே, அந்த மாமனுக்குச் சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று கேட்டு வையுங்கள். இருந்தால், பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தொப்புளில் நிற்காத ரத்தம், காரணமில்லாமல் கன்றிய தோல், முதல் சில நாள்களுக்குப் பிறகும் கறுப்பாகப் போகும் மலம், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது – இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அன்று நான் சொன்ன ‘பிறகு’ பத்து நிமிடத்தில் முடிந்தது. அது என் சாமர்த்தியமல்ல. அத்தனை வேலைக்கு நடுவிலும் நின்று பதில் சொன்ன அந்தத் தாதியின் பொறுமை. உங்களுக்கும் சந்தேகம் வரும். அதை வாட்ஸ்அப்பிடம் கேட்காமல், அவர்களிடம் கேளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.