வண்டியை இழுத்தது முறைதானா?

காலையில் ஸ்கூட்டரில் சென்ற அண்டை வீட்டுக்காரர், சென்ற சனிக்கிழமை மாலை கால்நடையாகத் திரும்பினார்.

"வாத்தியாரே! என் வண்டி களவு போயிற்று. களவாடியவர்கள் போலீஸார்!" என்றார்.

விஷயம் இதுதான். கடைத்தெருவில், சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு மருந்து வாங்கப் போயிருக்கிறார். கால் மணி நேரத்தில் இழுவை வண்டி வந்து கொண்டுபோய்விட்டது. அபராதமும் இழுவைக் கூலியும் கட்டினால்தான் வண்டி கிடைக்குமாம்.

"பத்து மணி நேரம் கேட்பாரற்றுக் கிடந்தால்தான் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறதே, இது அக்கிரமம் அல்லவா?" என்று பொருமினார்.

பாதிச் சட்டம் தெரிந்தவருக்கு ஆத்திரம் மட்டும் முழுதாக வருகிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவில் அந்தப் பத்து மணி நேரம் இருப்பது மெய்தான். அதை அடுத்து 'அல்லது' என்ற சிறு சொல்லும் இருக்கிறது. நிறுத்தக் கூடாதென்று முறைப்படி தடை செய்த இடத்தில் வண்டி நின்றால், பத்து நிமிஷங்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அகற்றும்படி உத்தரவிட வேண்டியவர், அவ்விடத்து அதிகாரம் பெற்ற, சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி. கூலிக்கு வந்த ஆட்கள் தாங்களாகவே தூக்கிச் செல்ல அந்தப் பிரிவு இடந்தரவில்லை. இழுவைச் செலவு வண்டிக்காரர் தலையில், அபராதம் வேறு. 2019-ஆம் வருஷத்துத் திருத்தப்படி பொது அபராதம் முதல் தடவை 500 ரூபாய் வரை, மறு தடவை 1,500 ரூபாய் வரை.

மறுநாள் இருவரும் சந்து முனைக்குச் சென்று பார்த்தோம். தடைப் பலகை இருந்தது. அதன் மேல் ஒரு கல்யாண வாழ்த்துச் சுவரொட்டியும் இருந்தது! நண்பர் முகம் மலர்ந்தது.

"கண்ணுக்குத் தெரியாத தடைக்கு நான் எப்படிக் கட்டுப்படுவேன்?"

நல்ல வாதந்தான், நீதிபதி முன் தாராளமாகச் சொல்லலாம். அதற்குள் அங்கிருந்த பூக்காரி குறுக்கிட்டாள். "ஐயா, அந்த ஸ்கூட்டர் மறித்ததால் ஆட்டோ சந்துக்குள் திரும்ப முடியவில்லை. பிரசவத்துக்கு வந்த பெண்ணை ஆஸ்பத்திரி வரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள்" என்றாள்.

நண்பர் மௌனமானார். பலகை இல்லாவிட்டாலும், பிறருக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தலாகாது என்கிறது 122-வது பிரிவு. ஆளில்லாத வண்டி போக்குவரத்துக்கு அபாயமாக நின்றால் உடனே அகற்ற 127-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இடந்தருகிறது. ஆகவே, சுவரொட்டியால் தடைப் பலகை மறைந்தது. நண்பருடைய குற்றம் மறையவில்லை.

அவர் பணத்தைக் கட்டினார். ரசீதையும், உத்தரவிட்ட அதிகாரியின் பெயரையும் கேட்டு வாங்கிக் கொண்டார். அது அவருடைய உரிமை. பலகையைத் துலக்கும்படி நகரசபைக்கு ஒரு மனுவும் எழுதினார். அது அவருடைய கடமை.

வீடு திரும்பும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பெண்ணுக்குச் சுகப் பிரசவந்தானே, வாத்தியாரே?"

அதைப் பூக்காரியிடம் கேட்டுவரத் திரும்பி நடந்தோம்.