நோவைக் கேட்டறியும் கடமை

நோவை வாய்விட்டுச் சொல்லாது பொறுத்தலே பெருமை என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்து இல்லங்களில் இன்னும் வேரூன்றி நிற்கின்றது. புற்றுநோய் கண்டவர், வீட்டாருக்கு வீண் மனவருத்தம் ஏன் என்று வாய் திறவார். வீட்டாரோ நோயின் பெயரையே அவரிடம் மறைப்பர். இவ்விரு மௌனங்களுக்கும் இடையே நோ வளர்கின்றது. இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பது எமது துணிபு.

2011ஆம் ஆண்டில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நன்கொடையினால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இனபேதங் கடந்த அவ்வீகை போற்றுதற்குரியது. ஆயினும், நோயாளி தம் நோவைச் சொன்னாலன்றோ வைத்தியர் தக்க மருந்தைத் தெரிவர்?

புற்றுநோயின் நோ ஒருதன்மையதன்று. எலும்பிற் பரவியது உளையும். நரம்பைத் தாக்கியது எரியும், மின்போற் பாயும். முன்னதற்கு ஒரே முறை அளிக்கும் கதிர்ச்சிகிச்சையும் பலருக்கு ஆறுதல் தரும். பின்னதற்கு நரம்புநோவுக்கென வேறு மருந்துகள் உள. இந்நோயுடையார்க்கு முதுகு நொந்து கால்கள் சோருமாயின் அன்றே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். தாமதித்தால் நடை மீளாமற் போகலாம்.

மோர்பின் என்றதும் முடிவு வந்ததென வீட்டார் நடுங்குவர். அவ்வச்சம் தகாது. கடும் நோவுக்கு அம்மருந்தை இயன்றவரை வாய்வழியாக, நோ எழும்வரை காத்திராது, குறித்த நேரப்படி கொடுக்க வேண்டுமென உலக சுகாதார தாபனம் 1986இலேயே நெறி வகுத்தது. வைத்தியர் அளந்து கொடுக்க நோவுக்காக உட்கொள்வது போதைப்பழக்கமன்று; உறக்கத்தையும் உற்றாரோடு உரையாடும் ஆற்றலையும் மீட்டுத் தருவதாகும். அதனால் உண்டாகும் மலச்சிக்கலுக்கும் உடன் மருந்து கொள்ளல் வேண்டும்.

கேரளத்துக் கள்ளிக்கோட்டையில் 1993இல் வைத்தியர்கள் இராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய சிறு நோவாற்றும் பணி, பின்னர் அயலவர் இயக்கமாய் விரிந்தது. பயிற்சி பெற்ற தொண்டர் நோயாளர் இல்லங்களுக்குச் சென்று, அவர் குறைகளைக் கேட்டறிந்து, வைத்தியருக்கும் தாதியருக்கும் துணை நிற்கின்றனர்.

விழாக்காலங்களிற் கட்டடத்துக்கும் விளையாட்டரங்குக்கும் வாரி வழங்கும் பழைய மாணவரிடம் யாம் வேண்டுவது பொருளன்று. ஊருக்கு இரண்டொருவராவது இப்பயிற்சியைப் பெற முன்வருக. மாணவரும், தத்தம் வீட்டில் நோயுற்ற முதியோரிடம், எங்கே நோகின்றது, எவ்வாறு நோகின்றது, இரவில் உறங்கினீர்களா என்று நாடோறும் கேட்டு, விடையைக் குறித்து வைத்தியரிடம் காட்டுக. கற்ற கல்வி ஒருவருக்கேனும் ஓரிரவு உறக்கந் தருமாயின், அதனினும் சிறந்த விழாக்கொண்டாட்டம் எமக்குத் தோன்றவில்லை.